கடலோர ஆஸ்திரேலியாவில் குழந்தைகளுடன் மோட்டார்ஹோம்: அறிகுறி கண்டு குறை நீக்கும் வழிமுறை

கட்டிலும் சமையலறையும் கொண்ட வண்டியான வாடகை மோட்டார்ஹோமில் "பழுது" என்று சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதிக்குக் கருவிகள் பொறுப்பல்ல. வண்டி நிற்கும் தரையின் சாய்வு, வெயில் விழும் பக்கம், காற்றின் திசை, அன்று ஓட்டிய தொலைவு ஆகிய நான்கில் ஒன்று வெளியே தவறியிருக்கும். அது உள்ளே குளிராத பெட்டியாகவும் அணைந்துபோகும் அடுப்பாகவும் அழும் குழந்தையாகவும் வெளிப்படும். ஆகவே எந்த அறிகுறி தோன்றினாலும் திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். வாடகை நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தாலும் அவர்கள் முதலில் கேட்பது அதையேதான்.

எரிவாயு வாடை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும் தலைவலி, கடலில் ஏற்பட்ட ஜெல்லிமீன் கொட்டு ஆகிய மூன்றுக்கும் இந்த நிதானம் பொருந்தாது. அவற்றுக்கு உரிய பகுதிகளைப் புறப்படும் முன்பே படித்துவிடுவது நல்லது.

அறிகுறி: குழந்தை இருக்கை வண்டியில் பொருந்தவில்லை

இது வண்டியைப் பெற்றுக்கொள்ளும் இடத்திலேயே தெரிய வேண்டிய குறை. ஆஸ்திரேலியச் சட்டப்படி 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை பின்னோக்கிய இருக்கையிலும், 6 மாதம் முதல் 4 வயது வரை உள்வார் கொண்ட பின்னோக்கிய அல்லது முன்னோக்கிய இருக்கையிலும், 4 முதல் 7 வயது வரை உள்வார் கொண்ட முன்னோக்கிய இருக்கையிலோ பூஸ்டர் எனப்படும் உயரம் கூட்டும் இருக்கையிலோ அமர வேண்டும். இருக்கையில் ஏஎஸ்/என்இசட்எஸ் 1754 என்ற தர முத்திரை இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவரும் இருக்கையில் அந்த முத்திரை இல்லையென்றால், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இங்கே பயன்படுத்த முடியாது.

பொருந்தாமைக்குப் பெரும்பாலும் காரணம், இருக்கையின் முதுகுப்புறத்திலிருந்து மேலே செல்லும் கட்டு வாரை மாட்டுவதற்கான கொக்கி இல்லாமையே. ஆறு பேர் உறங்கும் வண்டியில் ஆறு இருக்கை வார்கள் இருக்கும். ஆனால் இந்தக் கொக்கி இரண்டே இடங்களில் இருக்கலாம். சாப்பாட்டு மேசையைச் சுற்றியுள்ள இருக்கைகளில் சில பின்னோக்கியும் சில பக்கவாட்டிலும் அமைந்திருக்கும். பக்கவாட்டு இருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்தவே கூடாது. முன்பதிவு செய்யும்போது "எத்தனை பேர் உறங்கலாம்" என்று கேட்பதைவிட "மேல் வார்க் கொக்கி எத்தனை, அவை எந்த இருக்கைகளில் உள்ளன" என்று எழுத்தில் கேட்டுப் பதில் பெறுவதே பயன் தரும். பின் வரிசை உள்ள வண்டியில் 4 வயதுக்கு உட்பட்டவரை ஓட்டுநர் அருகே அமர்த்துவதும் சட்டத்துக்கு எதிரானது. வண்டி ஓடும்போது குழந்தை கட்டிலில் படுத்து வரலாம் என்று யாரேனும் சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டாம்.

அறிகுறி: குளிர்ப்பெட்டி குளிரவில்லை, பால் திரிகிறது

முதலில் பெட்டி எந்த வகை என்று அறிய வேண்டும். முகப்பில் 12 வோல்ட், 230 வோல்ட், எரிவாயு என மூன்று தேர்வுகள் இருந்தால் அது மூவழிப் பெட்டி. அது அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கி, அந்தக் கரைசல் புவியீர்ப்பால் கீழிறங்கி ஓடுவதைக் கொண்டு குளிர்விக்கிறது. தேர்வு எதுவும் இல்லாமல் வெறும் குளிர் அளவுக் குமிழ் மட்டும் இருந்தால் அது கம்ப்ரசர் பெட்டி.

மூவழிப் பெட்டிக்குச் சமதளம் தேவை. கடலை நோக்கிச் சரியும் புல்வெளியில் வண்டியை நிறுத்தினால் உள்ளே கரைசல் ஓட்டம் தடைப்பட்டு, விளக்கு எரிந்தாலும் குளிர் வராது. உறைபெட்டித் தட்டில் ஒரு கிண்ணத்தில் சிறிது நீர் ஊற்றி வைத்துப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களின் அடியில் சாய்வுக் கட்டைகளை வைத்து ஏற்றிவிட்டால் பல நேரம் வேறெதுவும் செய்ய வேண்டியிருக்காது. அடுத்து, ஆற்றல் வழியைப் பாருங்கள். 12 வோல்ட் என்பது இன்ஜின் ஓடும்போது மட்டும் பயன்படுத்துவதற்கானது. நிறுத்திய பிறகும் அதிலேயே விட்டால் குளிரும் போதாது, வண்டியின் உட்புறக் கருவிகளுக்கான பேட்டரியும் வடிந்துவிடும். மின் இணைப்பு உள்ள இடத்தில் 230 வோல்ட்டுக்கும், இல்லாத இடத்தில் எரிவாயுவுக்கும் மாற்ற வேண்டும். வண்டி ஓடும்போதும் எரிபொருள் நிலையத்திலும் எரிவாயு மூடியிருக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நிற்கும்போதும் இந்த மாற்றம் நிகழ வேண்டும். பத்து வயதுப் பிள்ளை இருந்தால் இந்தப் பொறுப்பை அவனிடமோ அவளிடமோ ஒப்படையுங்கள். பெரியவர்களைவிட அவர்கள் மறப்பது குறைவு.

மூன்றாவது காரணம் வெயில். பெட்டியின் வெப்பம் வெளியேறும் சல்லடை வண்டியின் பக்கச் சுவரில் இருக்கும். ராக்ஹாம்ப்டன் நகரம் ஏறத்தாழ மகர ரேகையின் மேல் அமைந்திருக்கிறது. அதற்குத் தெற்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமே இருக்கும். சல்லடை உள்ள பக்கம் தெற்கு நோக்கும்படி நிறுத்தினால் பிற்பகலில் பெட்டிக்குப் பெரும் நிம்மதி. தமிழ்நாட்டில் தெற்கு வெயிலைக் கணக்கிட்டே வளர்ந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், திசைகாட்டியை நம்புங்கள்.

கம்ப்ரசர் பெட்டிக்குச் சாய்வு பெரிய பொருட்டல்ல. பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்தால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஏஜிஎம் எனப்படும் மூடிய ஈய-அமில வகை பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. லித்தியம் பேட்டரியோ பெரும்பகுதி வடியும்வரை 13 வோல்ட்டை ஒட்டியே காட்டும் என்பதால் வோல்ட்டை விட்டுவிட்டு விழுக்காட்டைப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லையென்றால், ஒரு மணி நேரத்தில் கதவு எத்தனை முறை திறக்கப்படுகிறது என்று கவனியுங்கள். குழந்தைகள் தண்ணீருக்காகவே அடிக்கடி திறப்பார்கள். குடிநீரைத் தனி ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டால் பாலும் தயிரும் தப்பிக்கும். உணவு 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டால் அதைக் கொட்டிவிடுவதே இங்குள்ள உணவுப் பாதுகாப்பு விதி. கைக்குழந்தைக்குக் கரைத்து வைத்த பால்மாவுக்கு அந்த அளவு சலுகைகூடக் காட்ட வேண்டாம்.

அறிகுறி: விளக்கு எரிகிறது, பிளக்கில் மின்சாரம் வரவில்லை

விளக்கும் நீர்ப் பம்பும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. சுவர் பிளக்குகளும் கூரை ஏசியும் மைக்ரோவேவும் காரவன் பார்க் எனப்படும் கட்டண வண்டி முகாமின் மின் இணைப்பில் மட்டும் ஓடுகின்றன. இன்வெர்ட்டர் இல்லாத வண்டியில் இணைப்பு இல்லாதபோது பிளக் வேலை செய்யாதது குறையே அல்ல.

இணைப்பு இருந்தும் வரவில்லையென்றால் வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்: பார்க்கின் மின்கம்பத்திலுள்ள சுவிட்ச், அதே கம்பத்தின் பிரேக்கர், கம்பியின் இரு முனைகள், கடைசியாக வண்டிக்குள் உள்ள பாதுகாப்பு சுவிட்ச். செருகும்போதும் பிடுங்கும்போதும் கம்பத்தின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். வண்டியின் கம்பி 15 ஆம்பியர் வகை; அதன் நில முள் வழக்கமான 10 ஆம்பியர் பிளக்கில் இருப்பதைவிட அகலமானது என்பதால் உறவினர் வீட்டு கராஜில் அது நுழையாது. அந்த முள்ளை அரத்தால் தேய்த்து நுழைப்பவர்கள் உண்டு. வீட்டின் கம்பிகள் சூடேறித் தீப்பற்றக்கூடிய செயல் அது. மிச்சமுள்ள கம்பியைச் சுருட்டி வைத்தபடியே பயன்படுத்துவதும் தவறு; சுருளின் நடுவே வெப்பம் தேங்கும்.

பிரேக்கர் விழுந்து விழுந்து எழுகிறதென்றால் கணக்குப் போடுங்கள். 15 ஆம்பியரில் கிடைப்பது ஏறத்தாழ 3,450 வாட். கெட்டில் மட்டுமே 2,400 வாட் வரை இழுக்கும். கூரை ஏசி ஆயிரத்துக்கு மேல். அதோடு ரைஸ் குக்கரையும் போட்டால் எல்லை தாண்டிவிடும். சோறு வேகும்போது தேநீருக்கு எரிவாயு அடுப்பைப் பற்றவைத்தால் போதும். எந்தக் கருவியும் போடாதபோதே சுவிட்ச் உடனே விழுகிறதென்றால் அது மின்கசிவு. எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகி எந்தக் கருவியில் விழுகிறது என்று பாருங்கள். உப்புக்காற்றில் வெளிப்புறப் பிளக் ஈரமாகியிருப்பதும் இதே அறிகுறியைத் தரும். கருவி எதுவும் இல்லாமலே விழுந்தால் நிறுத்திவிட்டு எலெக்ட்ரீசியனை அழையுங்கள்.

அறிகுறி: குழாயைத் திறக்காமலே பம்ப் ஓடுகிறது

பம்ப் ஓயாமல் ஓடினால் தொட்டி வறண்டிருக்கலாம், குழாயில் காற்று அடைத்திருக்கலாம், அல்லது எங்கோ ஒரு குழாய் சரியாக மூடப்படாமல் இருக்கலாம். கடற்கரை முகாமில் முதலில் பார்க்க வேண்டியது மணல் கழுவும் வெளிப்புற ஷவர். குழந்தைகள் பாதி மூடிவிட்டு ஓடியிருப்பார்கள். இரவில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் பம்ப் முனகினால் சிறு கசிவு என்று பொருள். அதைத் தேடும் வேலையைக் காலைக்கு ஒத்திவைத்துப் பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டு உறங்கலாம்.

குழாய் நீர் டீசல் வாடை அடிக்கிறது, அல்லது நிரப்பிய சற்று நேரத்தில் இன்ஜின் இருமுகிறது என்றால், நீர் வாயும் டீசல் வாயும் மாறிவிட்டன. இரண்டும் வண்டியின் ஒரே பக்கத்தில் ஒரே மாதிரி மூடியுடன் இருக்கும் வண்டிகள் உண்டு. டீசல் தொட்டிக்குள் நீர் போய்விட்டது என்று ஐயம் வந்த கணமே இன்ஜினைத் தொடக்கூடாது. சாவியைத் திருப்பாதவரை தொட்டியைக் காலிசெய்து கழுவினால் போதும், திருப்பிவிட்டால் எரிபொருள் பம்பும் இன்ஜெக்டர்களும் கெட்டு, காப்பீட்டில் அடங்காத பெரும் செலவாகும். நீர்த் தொட்டிக்குள் டீசல் போயிருந்தால் அந்தத் தொட்டியிலிருந்து யாருக்கும் ஒரு வாய் நீர்கூடக் கொடுக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டது என்றால் வாந்தி எடுக்க வைக்காமல் 13 11 26 என்ற நச்சுத் தகவல் மைய எண்ணை அழையுங்கள். அது நாடு முழுதும் எந்நேரமும் இயங்குகிறது.

நீர் நிரப்பும் இடத்தில் குடிநீர் அல்ல என்ற பலகை இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். தெற்கு, மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு இடையே விரியும் நல்லார்பர் சமவெளி வழியாகச் செல்வோர் மேற்கு நோக்கிப் போகையில் செடூனாவிலும் கிழக்கு நோக்கி வருகையில் நார்ஸ்மனிலும் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்குக் குடிநீர் அருமையான பொருள்.

அறிகுறி: எரிவாயு பற்றவில்லை, எரிவாயு வாடை வருகிறது, எல்லோருக்கும் தலைவலி

மூன்றும் ஒரே உருளையோடு தொடர்புடையவை என்றாலும் அவற்றின் அவசரம் வேறு வேறு.

சுடுநீர்க் கருவி பற்றவில்லையென்றால் உருளை மாற்றிய பிறகு குழாயில் காற்று புகுந்திருக்கும். அடுப்பை முதலில் ஏற்றிச் சுடர் சீராகும்வரை எரியவிட்டு, பிறகு சுடுநீரைப் போடுங்கள். அடுப்பு எரிந்தும் சுடுநீர் மட்டும் அணைந்துபோனால், கடல் காற்று நேராகக் கருவியின் வெளிப்புறச் சல்லடைக்குள் அடிக்கிறது; வண்டியைத் திருப்பி நிறுத்துவதுதான் பழுது பார்ப்பு.

வாடை வந்தால் அடுப்புகளை அணைத்து, உருளையின் வால்வை மூடி, எல்லோரும் வெளியேறி, கதவுகளைத் திறந்து விட வேண்டும். எந்த மின் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; கைப்பேசியைத் தொலைவில் நின்று பயன்படுத்துங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதனால்தான் வண்டியின் தரையோரத்தில் நிலையான காற்றுத் துளைகள் இருக்கின்றன. குளிர் வருகிறது, கொசு வருகிறது என்று அவற்றைத் துணியால் அடைப்பது, தரைமட்டக் கட்டிலில் உறங்கும் சின்னக் குழந்தைக்கே முதலில் ஆபத்து.

தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவை வண்டிக்குள் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றி, வெளியே வந்ததும் குறைகின்றன என்றால் சளியென்று எண்ணிவிட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. உடனே வெளியேறி 000 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள். விக்டோரியாவின் குளிர்கால இரவில் அடுப்பை ஏற்றி வைத்து அறையைச் சூடாக்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அடுப்பு சமைப்பதற்கு மட்டுமே.

அறிகுறி: கழிவறையில் சிவப்பு விளக்கு அல்லது தாங்க முடியாத வாடை

சிவப்பு விளக்கு தொட்டி நிரம்பியதைச் சொல்கிறது. பொதுவான கழிவுத் தொட்டி 20 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. தொட்டி வெளியே வர மறுத்தால் உள்ளே தகட்டு மூடி திறந்திருக்கிறது. கழிவறைக்குள் சென்று அதை முழுதாக மூடிவிட்டு இழுங்கள், பலத்தைக் காட்ட வேண்டாம். மூடியே நகரவில்லையென்றால் ஈரத்துடைப்புத் தாளோ விளையாட்டுப் பொருளோ சிக்கியிருக்கும். வாடைக்குக் காரணம் பெரும்பாலும் தொட்டியில் இடும் மருந்து போதாமை. வெப்பமான வடக்கில் அளவைக் கூட்டுங்கள்.

கொட்டுவதற்கு டம்ப் பாயிண்ட் எனப்படும் இடங்கள் ஊர்தோறும் உள்ளன. ஆஸ்திரேலிய கேம்பர்வேன், மோட்டார்ஹோம் சங்கம் அவற்றை அமைக்க உள்ளூராட்சிகளுக்கு உதவி வருகிறது. அங்கே தொட்டியைக் கழுவும் குழாயில் குடிநீர் பிடிப்பது மட்டும் எந்நிலையிலும் கூடாது.

அறிகுறி: குழந்தை வாந்தி எடுக்கிறது

விக்டோரியாவின் கடலோரச் சாலையான கிரேட் ஓஷன் ரோடு டார்க்கியிலிருந்து அலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை மலைச்சரிவைக் கையால் வெட்டி அமைத்தது. அந்த வெட்டின் வளைவுகள் ஒன்றைக்கூடக் கார் ஓட்டுநர் பொருட்படுத்தாமல் போகலாம். மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ள வண்டியில், பின் அச்சுக்கும் பின்னால், பின்னோக்கி அமர்ந்து, கையில் திரையைப் பார்த்துக்கொண்டு வரும் ஏழு வயதுக் குழந்தைக்கு ஒவ்வொரு வளைவும் வயிற்றில் தெரியும்.

இடத்தை முதலில் மாற்றுங்கள். இருக்கை விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு முன்னோக்கிய, முன்பக்கமுள்ள இருக்கையைக் கொடுங்கள். திரையையும் புத்தகத்தையும் எடுத்துவிட்டுத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டார்க்கியிலிருந்து மேற்கு நோக்கி ஓட்டினால் கடல் உங்கள் இடப்பக்கம், அதாவது உங்கள் தடத்தின் பக்கமே இருக்கும்; பார்ப்பதற்கும் நிறுத்துவதற்கும் அந்தத் திசையே வசதி. லார்னிலும் அப்பல்லோ பேயிலும் இறங்கி நடக்க வையுங்கள். அப்பல்லோ பேயைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு ஆட்வே மலைக்காட்டுக்குள் திரும்புகிறது. தொடுவானம் மறைந்து வளைவு மட்டும் எஞ்சும் அந்தப் பகுதியைச் சாப்பாடு முடிந்த உடனே தொடங்க வேண்டாம். வாந்தியை நிறுத்தும் மாத்திரைகளை மருந்தாளரிடம் வயதைச் சொல்லிக் கேட்டே வாங்குங்கள். சிலவற்றைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன என்ற பதற்றத்தில் வேகம் கூட்டுவதும் இந்த வாந்திக்கு ஒரு காரணம். மெதுவாகச் செல்வோர் ஒதுங்குவதற்கு இடங்கள் இருக்கின்றன. ஒதுங்கி, அவர்களைப் போகவிடுங்கள். கைப்பேசி வரைபடம் காட்டும் நேரம் காருக்கானது. குழந்தைகள் உள்ள மோட்டார்ஹோமுக்கு அதைப்போல் ஒன்றரை மடங்கு என்று வைத்துத் திட்டமிட்டால்தான் அந்திக்குள் முகாம் சேரலாம். அந்தி முக்கியம்: கங்காருக்கள் சாலையோரம் வருவது விடியலிலும் அந்தியிலும்தான். பல வாடகை ஒப்பந்தங்கள் ஊர்களுக்கு வெளியே இரவில் ஓட்டுவதையே தடுக்கின்றன.

அறிகுறி: இரவில் குழந்தைகள் உறங்கவில்லை

ஓட்டுநர் அறைக்கு மேலே உள்ள கட்டிலைக் குழந்தைகளே முதலில் பிடித்துக்கொள்வார்கள். வெப்பம் தேங்கும் இடமும் அதுவே. கூரைச் சன்னலைத் திறந்து, அதற்கு எதிர்முனையில் தாழ்வான ஒரு சன்னலையும் திறந்தால்தான் காற்று ஓடும். வீட்டு அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு 9 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்பது இந்நாட்டு அறிவுரை. அதே எச்சரிக்கையை இங்கும் கடைப்பிடித்து, சிறியவர்களை மேசையை மடக்கி உருவாகும் கீழ்க்கட்டிலில் படுக்க வையுங்கள். பகலில் ஓட்டுநர் அறையின் ஏசி பின்பக்கம் வரை எட்டாது என்பதையும் மறக்க வேண்டாம்: ஓட்டுபவர் குளிரில் இருக்க, பின்னால் குழந்தை வியர்த்து வாடியிருந்தால் இரவு அதன் விளைவு தெரியும்.

மெல்பேர்னில் டிசம்பரில் சூரியன் மறைவது இரவு எட்டரைக்கும் மேலே. எல்லாத் திரைகளையும் அடைத்து இருட்டை உருவாக்காதவரை இரண்டு வயதுக் குழந்தையிடம் இது இரவு என்று வாதிட்டுப் பயனில்லை.

அறிகுறி: சக்கரம் மணலில் சுழல்கிறது

உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சுழலும் ஒவ்வொரு சுற்றும் வண்டியை இறக்கும். பிள்ளைகளை இறக்கித் தொலைவில் நிறுத்தி, சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை வாரி எடுத்து, சாய்வுக் கட்டையையோ கனத்த மிதியடியையோ செருகி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னெடுங்கள். வரவில்லையென்றால் இழுவை வண்டி. இன்று கே'காரி என்று வழங்கும் பழைய ஃபிரேசர் தீவின் கடற்கரைச் சாலையெல்லாம் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு மட்டுமே. மோட்டார்ஹோமை ஹார்வி பேயில் விட்டுவிட்டுப் பயணக் குழுவோடு செல்லுங்கள்.

அறிகுறி: கடலில் குளித்த குழந்தை அலறிக்கொண்டு வருகிறது

எந்தக் கடற்கரை என்பதே மருந்தைத் தீர்மானிக்கிறது. சிட்னி, கோல்டு கோஸ்ட் போன்ற பகுதிகளில் அலறலுக்குக் காரணம் பெரும்பாலும் நீலநிறச் சிறு பையோடு கரையொதுங்கும் புளூபாட்டில் என்னும் கொட்டும் கடலுயிர். ஒட்டியிருக்கும் இழைகளை எடுத்துவிட்டு, கடல்நீரால் கழுவி, பின் தாங்கக்கூடிய சுடுநீரில் 20 நிமிடம் வைக்க வேண்டும். வண்டியின் சுடுநீர் ஷவர் இங்கே பெரும் உதவி, ஆனால் குழந்தையின் தோலில் விடும் முன் பெரியவர் தம் கையில் விட்டுப் பார்க்க வேண்டும். வினிகர் இதற்கு ஆகாது.

வடக்குக் குயின்ஸ்லாந்து உள்ளிட்ட வெப்பமண்டலக் கரைகளில் நவம்பர் முதல் மே வரை பெட்டி ஜெல்லிமீனும் இருகாஞ்சி என்னும் மிகச்சிறு ஜெல்லிமீனும் உலவும். அங்கே கொட்டினால் 000, உடனே குறைந்தது 30 நொடி வினிகர் ஊற்றல், நினைவிழந்து மூச்சும் இல்லையென்றால் மார்பை அழுத்தும் உயிர்காப்பு முதலுதவி. அந்தப் பருவத்தில் வலையிட்ட பகுதிக்குள், கொட்டைத் தடுக்கும் முழு உடல் ஸ்டிங்கர் உடையோடு மட்டுமே குழந்தைகளை இறக்குங்கள். சமையலறையில் வினிகர் ஒரு லிட்டர் இருக்கட்டும்; ஊறுகாய்க்காக அல்ல.

முதலை வாழும் வடக்கில் நீர்விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, உயர்நீர் மட்டத்துக்கு 2 மீட்டருக்கு மேலே முகாமிட வேண்டும். அங்கே மீன் கழிவைக் கரையில் கழுவுவதும் நாள்தோறும் ஒரே இடத்தில் நீர் மொள்வதும் கூடாது. எந்தக் கரையானாலும் உயிர்காப்பாளர்கள் நட்ட சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில்தான் குளிக்க வேண்டும். அமைதியாக, அலையே இல்லாததுபோல் தெரியும் பட்டைதான் பல நேரம் கடலுக்குள் இழுக்கும் ரிப் நீரோட்டம். குழந்தைகள் அந்த அமைதியைப் பார்த்தே அங்கே ஓடுவார்கள்.

அறிகுறி: நள்ளிரவில் கதவைத் தட்டுகிறார்கள்

தட்டுபவர் உள்ளூராட்சி அதிகாரியாக இருப்பார். பைரன் பே, நூசா போன்ற பெயர்பெற்ற ஊர்களில் தெருவோரம் வண்டிக்குள் உறங்கினால் அபராதம். குயின்ஸ்லாந்தில் முகாமுக்கு அனுமதிக்கப்பட்ட நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 20 மணி நேரம் வரை தங்கலாம். பிற இடங்களில் பலகை சொல்வதே சட்டம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதி வரையிலான பள்ளி விடுமுறையில் கடலோரக் காரவன் பார்க்குகள் பல மாதம் முன்பே நிறைந்துவிடும். அப்போது இடம் கிடைக்காதவர்கள் கடலை விட்டு அரை மணி நேரம் உள்ளே நகர்ந்தால் ஊர்க் கண்காட்சித் திடல்களில் குறைந்த கட்டணத்தில் மின் இணைப்போடு தங்கலாம். குழந்தைகளுக்கு ஓட இடமும் அங்கேதான் அதிகம்.

அறிகுறி: கைப்பேசியில் சிக்னல் இல்லை

வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டுமானால் 000 அழைப்பு அதன் வழியாகச் செல்லும். எந்தக் கோபுரமும் எட்டாத இடங்கள் நாட்டைச் சுற்றிவரும் நெடுஞ்சாலை 1-இல் நிறையவே உண்டு. பேசவும் கேட்கவும் உதவும் யூஹெச்எஃப் இருவழி வானொலியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: 40-ஆம் அலைவரிசையில் லாரி ஓட்டுநர்கள் இருப்பார்கள், 18-இல் காரவன் பயணிகள். எமர்ஜென்சி பிளஸ் செயலி நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் காட்டும். அதைப் படித்துச் சொல்ல மூத்த பிள்ளைக்குப் பழக்குங்கள், ஏனெனில் விபத்தில் பேச முடியாதவர் ஓட்டியவராகவே இருக்கலாம்.

அறிகுறி: மாநில எல்லையில் சமையலறை காலியாகிறது, எல்லை தாண்டியதும் குழந்தைக்கு நேரங்கெட்ட பசி

தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைகையில் பார்டர் வில்லேஜ் சோதனைச் சாவடியிலும், எதிர்த்திசையில் வருகையில் செடூனாவிலும் பழம், காய்கறி முதலியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். மேற்கே தேனுக்கும் தடை உண்டு. கறிவேப்பிலை, செடித்தொட்டி எல்லாவற்றையும் மறைக்காமல் அறிவித்துவிட வேண்டும், தவறினால் அபராதம். முதல் நாள் இரவே இருக்கும் காய்களைப் போட்டுச் சாம்பாரோ குருமாவோ வைத்துவிடுவது நல்ல தீர்வு. எல்லைக்கு அப்பால் முதல் நாள் சமையலுக்குப் பருப்பும் அரிசியும் மட்டும் இருந்தால் போதும்.

பசியின் காரணம் கடிகாரம். குளிர்காலத்தில் இரு மாநிலங்களுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம், தெற்கு ஆஸ்திரேலியா கடிகாரத்தை முன்தள்ளும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இரண்டரை மணி நேரம் வேறுபாடு. இடையில் யூக்ளா வட்டாரம் மேற்கு ஆஸ்திரேலிய நேரத்துக்கு 45 நிமிடம் முந்திய தனக்கென ஒரு நேரத்தை வைத்திருக்கிறது; அது அதிகாரபூர்வமானதல்ல என்றாலும் சாலையோர உணவகம் அந்த நேரத்தில்தான் மூடும். நல்லார்பரை மேற்கு நோக்கி மூன்று நாளில் கடப்பவர்கள் குழந்தையின் சாப்பாட்டையும் உறக்கத்தையும் குளிர்காலத்தில் நாளுக்கு அரை மணி நேரம், கோடையில் நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போட்டு வந்தால், நார்ஸ்மன் சேரும்போது மேற்கத்திய நேரத்துக்குப் பழகியிருக்கும். கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தையே காட்டும் என்பதால், அந்த மூன்று நாளும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைப் பார்த்து ஓட்டுங்கள்.